ஊர் அமைப்புகளுக்கான சிறு நிதி: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் ஊருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று சேர்ந்திருக்கும் சின்ன அமைப்புகள் ஏராளம். குட்டையைத் தூர்வாருகிறார்கள், மாலை வகுப்பு நடத்துகிறார்கள், பெண்களுக்குத் தையல் பழக்குகிறார்கள், பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த வடமாநிலத்தவர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். தேவைப்படும் தொகையும் பெரிதில்லை. இரண்டு லட்சம், ஐந்து லட்சம், மிஞ்சினால் பத்துப் பதினைந்து லட்சம். அதை யாரிடம் கேட்பது, கேட்க என்னென்ன வேண்டும், வந்த பிறகு கணக்கை எப்படிக் காப்பது என்று இந்த அமைப்புகள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த மாதிரி சிறு நிதியை யாருங்க தருகிறார்கள்?

பக்கத்தில் இருப்பவர்களிலிருந்து தொடங்குங்கள். ஊர்க்காரர்கள், வெளியூரில் நன்றாக இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள், மில் முதலாளிகள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள். அடுத்தது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர். அப்புறம் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு. மாவட்டத்தைக் கவனிக்கும் அதன் வளர்ச்சி மேலாளரைப் போய்ப் பார்க்கலாம். மகளிர் குழுக்களுக்கான தொழில் பயிற்சி, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு, பழங்குடியினர் மேம்பாடு போன்றவற்றுக்கு அங்கே வழி இருக்கிறது. அரசுப் பக்கம் ‘நமக்கு நாமே’ திட்டம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வழிகளும் உண்டு. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியின் சிறு நிதித் திட்டம் 1992 முதல் நடக்கிறது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்தும் அதில் ஒரு திட்டத்துக்குப் பல காலமாக உச்சவரம்பு 50,000 டாலராக இருந்தது. சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகம் அடித்தட்டு மக்களுக்கான திட்டங்களுக்கு நிதி தருகிறது. கட்டடம், கருவி, வண்டி போன்றவற்றுக்கு அது பொருந்தும். மாதச் செலவுக்கு ஆகாது. ரோட்டரியின் உலகளாவிய நிதிக்குத் திட்ட மதிப்பே குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், உள்ளூர் ரோட்டரி சங்கம் ஒன்று முன்னின்று நடத்தவும் வேண்டும். இரண்டு லட்ச ரூபாய் வேலைக்கு இந்தக் கதவுகளைத் தட்டுவது வீண் அலைச்சல்.

எங்கள் குழு இன்னும் பதிவு செய்யவில்லை. பணம் கேட்க முடியுமா?

நேரடியாக முடியாது. வேலையை நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. பதிவுள்ள ஒரு அமைப்பு பக்கத்தில் இருந்தால், அவர்கள் பெயரில் நிதி வாங்கி உங்கள் ஊரில் வேலை நடத்தலாம். யார் பொறுப்பு, கணக்கு யாரிடம், வாங்கும் பொருள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் விட்டால் நல்ல சிநேகிதம் கெடும்.

சங்கமாகப் பதிவு செய்வதா, அறக்கட்டளையா?

சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. வருடா வருடம் பொதுக்குழு கூட்ட வேண்டும். கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், ஆண்டுத் தாக்கல் தொல்லை குறைவு.

தொல்லை குறைவு என்பதற்காகவே பலரும் அறக்கட்டளைக்குப் போகிறார்கள். அண்ணன், தம்பி, மச்சான் என்று மூன்று பேரும் ஒரே வீட்டில் அறங்காவலர்களாக இருக்கும் அமைப்பை நிதி தருபவர் பார்த்தவுடனே தள்ளி வைப்பார். ஊர் வேலைக்கு ஊரே உறுப்பினராக இருக்கும் சங்கம்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. அறக்கட்டளைதான் வேண்டுமென்றால், உறவில்லாதவர்கள், அதிலும் பெண்கள், அறங்காவலர்களில் பாதியாவது இருக்கட்டும்.

பதிவு தவிர வேறு என்ன காகிதம் வேண்டும்?

அமைப்பின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. வருமான வரித் துறையின் 12ஏபி (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகள். புதிய அமைப்புக்கு முதலில் மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள், வேலை தொடங்கிய பிறகு முறையான பதிவு வாங்க வேண்டும். வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வரும் 2026 ஏப்ரல் 1 முதல் பிரிவு எண்கள் மாறுவதால், புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் ஆடிட்டரிடம் எந்தப் படிவம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

80ஜி இருந்தால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தை ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் துறைக்குத் தாக்கல் செய்து, அங்கிருந்து வரும் சான்றிதழை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் அடுத்த வருடம் அதே ஆளிடம் போய் நிற்க முகம் இருக்காது.

எங்கள் ஊரைச் சுற்றி இத்தனை மில், இத்தனை கம்பெனி. சிஎஸ்ஆர் கேட்டால் தர மாட்டார்களா?

இதில்தான் நிறையப் பேருக்கு ஏமாற்றம். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தாது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். திருப்பூரிலும் கரூரிலும் இருக்கும் பெரும்பாலான யூனிட்டுகள் கூட்டு வணிகமாகவோ ஒரே ஆளின் சொந்தத் தொழிலாகவோ நடப்பவை. அவற்றுக்கு இந்தச் சட்டமே இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது நன்கொடை. காட்ட வேண்டியது 80ஜி.

சட்டம் பொருந்தும் கம்பெனி என்றால், உங்களுக்கு 12ஏபியும் 80ஜியும் இருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்திடம் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து எண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இந்த எண் கட்டாயம். கம்பெனி தன் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும் செய்வது சிஎஸ்ஆர் கணக்கில் வராது. எனவே ‘உங்கள் விடுதிப் பெண்களுக்கு மட்டும் முகாம் நடத்துகிறோம்’ என்று போய்க் கேட்காதீர்கள்.

இன்னொன்று. நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று கம்பெனிக்காரர் சொல்வார். அந்த வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கு. உங்கள் களப்பணியாளர் சம்பளத்துக்கு அது பொருந்தாது. பணிவாக, ஆனால் தெளிவாக இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பிராண்டு ஒன்று எங்களுக்குப் பணம் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்று வருடமாக இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. எனவே மேலே சொன்ன ‘பக்கத்து அமைப்பு வழியாக’ என்ற ஏற்பாட்டை இங்கே செய்யும்போது, செலவு முழுவதையும் அவர்களே நேரடியாகச் செய்ய வேண்டும்.

துபாயில் இருக்கும் உங்கள் ஊர்ப் பையன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், அவர் பிறந்தது பெருந்துறையாகவே இருந்தாலும். பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

‘நமக்கு நாமே’ திட்டத்தில் எவ்வளவு போட வேண்டும்?

பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்கு, மீதி அரசு. 1997-98-இல் தொடங்கிய திட்டம், நடுவில் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்ற பெயரில் நடந்தது, 2021-22-இல் பழைய பெயருக்குத் திரும்பியது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக் கட்டடம், நீர்நிலை, சாலை போன்ற பொதுச் சொத்துகளுக்கு ஏற்ற வழி. மக்கள் பங்கைக் கம்பெனியோ தனி நபரோ முழுதாகக் கொடுக்கலாம் என்பதால், பெரிய மில் ஒன்று பக்கத்தில் இருந்தால் ஒரு லட்சத்தை மூன்று லட்சம் ஆக்க இதைவிட நேரான பாதை இல்லை.

எந்த வேலைக்குக் கேட்டால் கிடைக்கும்?

கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: பணம் தீர்ந்த அடுத்த மாதம் அந்த வேலையை யார் பார்ப்பார்கள்? இதற்குப் பெயரோடு பதில் சொல்ல முடிகிற வேலைக்குக் கேளுங்கள். நிதி தருபவர்களில் விவரமானவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். குட்டையைத் தூர்வாரி, கரையில் மரம் வைத்து, சுற்றிக் கம்பி வேலி போடுவதாகத் திட்டம். பட்ஜெட்டில் பாதி வேலிக்கே போய்விட்டது. பிள்ளையார் கோயில் திண்ணையில் கூட்டம் நடந்தபோது வரைபடத்தை எல்லோரும் தலையாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த ஒரு அம்மிச்சி, வயதான பாட்டி, கேட்டார்: “ஏனுங் சாமி, இப்படிச் சுத்தி அடைச்சுப்போட்டா என்ற வெள்ளாடு எங்கீங் போயித் தண்ணி குடிக்கும்?”

யாரிடமும் பதில் இல்லை. அந்த ஊரில் ஆடு மேய்க்காத வீடு குறைவு. வேலி போட்டிருந்தால் ஒரே கோடையில் யாராவது கம்பியை அறுத்திருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. திட்டத்தை மாற்றினார்கள். மேற்குக் கரையில் ஆடு மாடு இறங்கக் கல் பாவிய சரிவு; மற்ற மூன்று பக்கமும் கிளுவைச் செடி வேலி. கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் தங்கள் வேலியிலிருந்து போத்து, அதாவது நடுவதற்கான கிளை, வெட்டிச் சும்மாவே கொடுத்தார்கள். கம்பிக்கு ஒதுக்கிய பணம் மிஞ்சியது. மரக்கன்றுக்கு ஒரு வருடம் தண்ணீர் ஊற்ற ஆள் போட அது போதுமானதாக இருந்தது. மரத்தைக் காவல் காப்பது யார் என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் வந்தது: ஆடு ஓட்டிக்கொண்டு தினமும் அங்கே போகிறவர்கள்தான்.

விண்ணப்பத்தில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுதுவது எளிது. அந்தக் கூட்டத்தில் யார் பேசவில்லை என்று கவனித்து, அவர்களைத் தனியாகப் போய்க் கேட்பதுதான் வேலை. காலனிக்காரர்களை, ஆடு மேய்க்கும் பெண்களை, வாடகை வீட்டில் இருக்கும் ஒடிசாக்காரர்களைக் கேட்காமல் போடும் திட்டம் பாதி ஊரின் திட்டம்.

குட்டை தூர்வார யாரிடம் அனுமதி?

நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். ஊராட்சிக் குட்டை என்றால் கிராம சபைத் தீர்மானமும் ஊராட்சியின் ஒப்புதலும். பெரிய குளம், ஏரி என்றால் நீர்வளத் துறை. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகல் கையில் இருந்தால் பாதி விண்ணப்பம் முடிந்த மாதிரி. விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ள 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். அள்ளிய மண் யார் தோட்டத்துக்குப் போகிறது என்பதற்குப் பதிவேடு வையுங்கள். செங்கல் சூளைக்குப் போனது என்று ஒரு புகார் வந்தால் மொத்த வேலையும் நின்றுவிடும்.

அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்கு நீர் கொண்டுசெல்லும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் குட்டை அந்தப் பட்டியலில் இருந்தால் குழாய் வந்து சேரும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையைத் திட்டமிடுங்கள்.

தாளவாடி, பர்கூர், ஆனைகட்டி மாதிரி மலைக் கிராமங்களில்?

வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ் அங்கன்வாடி, பள்ளி, குடிநீர், சிறு நீர்நிலை, சமுதாயக் கூடம் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபைப் பரிந்துரையின் பேரில் ஒதுக்க வழி இருக்கிறது. இது தெரியாமல் ‘வனத்துறை விடாது’ என்று கைவிட்ட திட்டங்கள் உண்டு. சத்தியமங்கலம் 2013 முதல் புலிகள் காப்பகம் என்பதால் காலம் கூடுதலாகும். அதைத் திட்டத்திலேயே காட்டுங்கள். கீழிருந்து போகும் அமைப்புகள் சோளகர், ஊராளி, இருளர் பிள்ளைகளில் படித்தவர்களையே பணியாளர்களாக வைக்கச் சம்பளம் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா?

நபார்டு, ஆட்சியர் அலுவலகம், உள்ளூர் கம்பெனிகள் எல்லாம் பெரும்பாலும் தமிழில் வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும். ஆனாலும் முதலில் தமிழில் எழுதுங்கள், ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள், அப்புறம் ஆங்கிலத்தில் எழுத ஆள் பிடியுங்கள். ‘அதிகாரமளித்தல்’, ‘விழிப்புணர்வு’ என்று அடுக்காமல், இத்தனை வீடு, இத்தனை பிள்ளைகள், இப்போது தண்ணீருக்கு இவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று எழுதினால் படிப்பவருக்கு ஊர் கண்ணில் தெரியும்.

பட்ஜெட்டில் சம்பளம் போட்டால் தள்ளிவிடுவார்களா?

சிலர் தள்ளுவார்கள். போடாமல் விடுவது அதைவிட மோசம். நம் பக்கத்தில் ‘சும்மா செய்கிறோம்’ என்று சொல்வதில் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது யார் என்று பாருங்கள். மாலை வகுப்பு எடுக்கும் பெண் ஆறு மாதம் சும்மா வருவார், ஏழாவது மாதம் கம்பெனிக்குத் தைக்கப் போய்விடுவார். அவருக்கு வீட்டில் வேறு வழி இல்லை. வகுப்பு நிற்கும். மேசையும் பலகையும் மட்டும் மிச்சம். அவருக்கு நியாயமான மாதத் தொகை, ஆடிட்டர் கட்டணம், போக்குவரத்து, ஒரு வருடப் பராமரிப்பு எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதுங்கள். வாங்கும் பொருளுக்கு மூன்று கடை விலைப்புள்ளி இணையுங்கள்.

ஊர்க்காரர் உழைப்பையும் பங்களிப்பாகக் காட்டலாம். நாள், பெயர், கையெழுத்து உள்ள வருகைப் பதிவேடு இருக்க வேண்டும், கூலி மதிப்பு ஊரில் உள்ள கூலியாக இருக்க வேண்டும்.

பில் எப்படி வைப்பது? எங்கள் ஊரில் யாரும் பில் தருவதில்லையே.

தருவதில்லைதான். ஜேசிபி ஓட்டுநர் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு, பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்னால் ‘ஏழே கால் மணி’ என்று எழுதிக் கையில் திணித்துவிட்டுப் போவார். அதை ஆடிட்டரிடம் நீட்ட முடியாது. இதற்கு ஒரு ஐம்பது பக்க நோட்டு போதும். தேதி, வண்டி எண், காலையில் மணி மீட்டர் காட்டிய அளவு, சாயங்காலம் காட்டிய அளவு, ஓட்டுநர் கையெழுத்து, கூட இருந்த ஊர்க்காரர் இருவர் கையெழுத்து. இரண்டு மீட்டர் அளவையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் வண்டி உரிமையாளரிடம் இந்த நோட்டைக் காட்டிப் பில் வாங்கி, வங்கி வழியாகப் பணம் அனுப்புங்கள். வரி விலக்குப் பெற்ற அமைப்பு ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவைத் துறை ஏற்காது.

கூலி ரசீதில் 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு நிதிக்கும் தனிக் கோப்பு. ஒரு நிதியில் மிஞ்சியதை இன்னொன்றில் போட்டுச் சமாளிக்காதீர்கள். கணக்குச் சுருக்கத்தை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்; ஊருக்குள் ஓடும் பேச்சு தானாக அடங்கும்.

பத்து சதவீதம் கொடுத்தால் நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

வேண்டாம். திட்டம் எழுதித் தருகிறவருக்கு முன்கூட்டியே பேசிய கூலி கொடுப்பது வேறு. வரும் தொகையில் பங்கு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மறுத்துவிட்டார்கள். அப்புறம்?

காரணம் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், பலர் சொல்வார்கள். ‘எங்கள் துறை இல்லை’ என்றால் வேறு இடம் பாருங்கள். ‘அனுபவம் போதாது’ என்றால் ஊர்ப் பணத்தில் அதே வேலையைச் சின்னதாகச் செய்து, படமும் கணக்கும் சேர்த்து அடுத்த வருடம் அவர்களிடமே போங்கள்.

எந்த மாதத்தில் கேட்பது?

கம்பெனிகளின் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஜனவரிக்கு மேல் ‘உடனே செலவு செய்யுங்கள்’ என்று அவசரமாகப் பணம் வரும். குட்டை வேலையோ பிப்ரவரி முதல் மே வரை, தண்ணீர் வற்றிய பிறகுதான் நடக்கும். மார்ச் 31-க்குள் முடிக்கச் சொன்னால் அரைகுறையாக முடியும். அதனால் ஆடி, ஆவணியிலேயே பேசத் தொடங்கி, ‘தொடர் திட்டம்’ என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுக்குள் செலவிடக் கம்பெனிக்குச் சட்டமே இடம் தருகிறது. நம் சமவெளிக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். வைகாசிக்குள் கரை கட்டி முடித்தால், அது இறுகுவதற்கு நான்கைந்து மாதம் கிடைக்கும்.